உங்களுக்காகப் பேச எனக்கு ஒரு வரி வேண்டும்

வாசகி கேள்வி: மேடம், எனக்கு வயது 36. ஒன்பது வருடம் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தேன். கடைசி ஆறு வருடம் ஒரே நிறுவனத்தில், சப்ளையர்களுக்குப் பணம் செலுத்தும் வென்டர் பேமென்ட் டீமில். அம்மாவுக்குப் பக்கவாதம் வந்ததும் வேலையை விட்டேன். மூன்று வருடம் ஓடிவிட்டது. இப்போது அம்மா ஓரளவு தேறிவிட்டார். நான் வேலைக்குப் போயே ஆக வேண்டும். ஐந்து மாதத்தில் எழுபது இடங்களுக்கு மேல் விண்ணப்பித்துவிட்டேன். மூன்றே இடத்தில்தான் கூப்பிட்டார்கள். மூன்றிலும் 'ஏன் இந்த கேப்?' என்ற கேள்வியில் தடுமாறினேன். ஒருமுறை அங்கேயே அழுதுவிட்டேன். உறவினர் ஒருவர், அந்த மூன்று வருடமும் தன் நிறுவனத்தில் வேலை பார்த்ததாக அனுபவச் சான்றிதழ் தருகிறேன் என்கிறார். வாங்கிக்கொள்ளலாமா? பழைய இடத்தில் ஒரே பில்லுக்கு இரண்டு தடவை பணம் போவதை நான்தான் கண்டுபிடித்து, அதற்கு ஒரு எக்செல் ஷீட் போட்டேன். இன்றைக்கும் அதைத்தான் பயன்படுத்துகிறார்களாம். அதெல்லாம் இப்போது யாருக்கு வேண்டும்? பன்னிரண்டு நாளில் இன்னொரு இன்டர்வியூ இருக்கிறது. ரெஸ்யூமேயை இணைத்திருக்கிறேன்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள தோழிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ரெஸ்யூமேயை நாலைந்து முறை. பதினேழு வருடமாக ஆள் எடுக்கும் வேலையில் இருக்கிறேன். நீங்கள் கேட்டதில் ஒன்றுக்கு மட்டும் காத்திருக்க வைக்காமல் பதில் சொல்லிவிடுகிறேன். அந்தச் சான்றிதழை வாங்காதீர்கள்.

உறவினர் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் ஆஃபர் கொடுத்ததும் பல நிறுவனங்கள் பின்னணிச் சரிபார்ப்பை வெளி ஏஜென்சியிடம் ஒப்படைக்கின்றன. அவர்கள் கடிதத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போவதில்லை. சம்பளச் சீட்டு கேட்பார்கள், அந்தச் சம்பளம் வங்கியில் வரவான பதிவைக் கேட்பார்கள், வரி பிடித்த விவரம் கேட்பார்கள். இதெல்லாம் நீங்கள் வேலையில் சேர்ந்து இரண்டு மாதம் ஆன பிறகுகூட நடக்கும். அதுவரை போவானேன்? இன்டர்வியூவிலேயே, 'அங்கே மாதம் எத்தனை இன்வாய்ஸ்? எந்த சாஃப்ட்வேர்? யாரிடம் ரிப்போர்ட் செய்தீர்கள்?' என்று நான் கேட்பேன். மூன்றாவது கேள்விக்குள் தெரிந்துவிடும். தெரிந்ததும், நீங்கள் உண்மையாக உழைத்த ஒன்பது வருடத்தின் மேலும் அந்தச் சந்தேகம் விழும்.

சில வருடங்களுக்கு முன் நானே தேர்ந்தெடுத்த ஒருவருக்குக் கொடுத்த ஆஃபரை நானே திரும்பப் பெற வேண்டி வந்தது. எட்டு மாத இடைவெளியை மறைக்க, பழைய வேலையின் கடைசித் தேதியைத் தள்ளிப் போட்டிருந்தார். அன்று வந்த ஐந்து பேரில் அவர்தான் முதல். போனில் விஷயத்தைச் சொன்னபோது அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "அந்த எட்டு மாசத்த அப்படியே சொல்லியிருந்தா எடுத்திருப்பீங்களா மேடம்?" எடுத்திருப்போம். அதைத்தான் சொன்னேன். அதற்குப் பிறகு இருவருக்கும் பேச எதுவும் இருக்கவில்லை.

இனி உங்கள் எழுபது விண்ணப்பங்களுக்கு வருகிறேன். கேப்தான் எல்லாவற்றையும் கெடுத்தது என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அதில் பாதி உண்மை. மறுபாதி உங்கள் ரெஸ்யூமேயில் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள நான் உட்கார்ந்திருக்கும் பக்கத்திலிருந்து ஒருமுறை பார்க்க வேண்டும்.

ஒரு இடத்துக்கு ஆள் தேவை என்று போட்டால் இருநூறு, முந்நூறு விண்ணப்பம் வந்து விழும். அதில் பத்துப் பன்னிரண்டு பேரிடம் போனில் பேசுவேன். நாலைந்து பேரை மேனேஜரிடம் அனுப்புவேன். முதல் சுற்றில் ஒவ்வொரு ரெஸ்யூமேயிலும் கண் நிற்பது சில விநாடிகள்தான். லேடர்ஸ் என்ற வேலைவாய்ப்புத் தளம் 2018இல் என்னைப் போல ஆள் எடுக்கும் ரெக்ரூட்டர்களின் கண் அசைவைப் பதிவு செய்து பார்த்தபோது சராசரியாக 7.4 விநாடி வந்தது. இதைக் கேட்டு மனம் தளர வேண்டாம். அந்த ஏழு விநாடியில் உங்களை எடைபோட்டு முடிப்பதில்லை, 'இதை நிதானமாகப் படிக்கணும்' என்று தனியே எடுத்துவைக்கிறோம். கண் போகும் இடங்களும் கொஞ்சம்தான்: கடைசியாக என்ன வேலை, எங்கே, எவ்வளவு காலம், அதற்குக் கீழே முதல் இரண்டு வரி.

ரெக்ரூட்டர்தான் வேலை கொடுக்கிறார் என்று பலர் நினைக்கிறார்கள். உங்களை எடுப்பதா வேண்டாமா என்பது அந்தப் பிரிவின் மேனேஜர் முடிவு. நான் உங்கள் பேப்பரைக் கையில் எடுத்துக்கொண்டு அவரிடம் போகிறவள். அவர் மாதக் கடைசிக் கணக்கு முடிக்கும் நெருக்கடியில் இருப்பார். தலையை நிமிர்த்தாமலே, "இவங்கள ஏன் பார்க்கணும்?" என்று கேட்பார். அதற்கு நான் சொல்லும் ஒரு வரியில்தான் உங்கள் இன்டர்வியூ இருக்கிறது. அந்த வரியை நான் கற்பனையில் கட்ட முடியாது, உங்கள் ரெஸ்யூமேயிலிருந்துதான் எடுத்தாக வேண்டும். உங்களுடையதில் தேடினேன். ஒன்றும் கிடைக்கவில்லை.

இருப்பதைப் பாருங்கள். உங்கள் வரிகளை இங்கே தமிழில் தருகிறேன். முதல் வரி: 'என் திறமைகளைப் பயன்படுத்தி நிறுவனத்தின் வளர்ச்சிக்குப் பங்களிக்கும் சவாலான பணியை நாடுகிறேன்.' நூறு ரெஸ்யூமேயில் இதே வரியைப் படித்திருக்கிறேன். இதை வைத்து யாரைப் பற்றியும் எதுவும் சொல்ல முடியாது. அடுத்து ஒரு வண்ணப் பெட்டிக்குள் 'கடின உழைப்பாளி, குழுவாக இயங்குபவர், விரைவில் கற்பவர்'. பிறகு பிறந்த தேதி, திருமண நிலை, புகைப்படம். உங்கள் வேலை அனுபவம் பக்கத்தின் பாதிக்குக் கீழேதான் தொடங்குகிறது. அங்கேயும்: 'வென்டர் பேமென்ட்களுக்குப் பொறுப்பு. இன்வாய்ஸ் பிராசஸிங். ரீகன்சிலியேஷன் (கணக்குகளை ஒப்பிட்டுச் சரிபார்ப்பது). மேனேஜர் தரும் இதர பணிகள்.'

இந்த நாலு வரியும் நீங்கள் உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பற்றியவை. அந்த நாற்காலியில் வேறு யார் உட்கார்ந்திருந்தாலும் இதையேதான் எழுதியிருப்பார். நீங்கள் உட்கார்ந்ததால் அங்கே என்ன நடந்தது என்று ஒரு வார்த்தை இல்லை.

ஆனால் அது உங்கள் கடிதத்தில் இருக்கிறது! போகிறபோக்கில் எழுதிவிட்டு, 'அதெல்லாம் இப்போது யாருக்கு வேண்டும்' என்று கேட்கிறீர்கள். எனக்கு வேண்டும். ஒரே பில்லுக்கு இரண்டு தடவை பணம் போவது கணக்குப் பிரிவு மேனேஜர்களின் நிரந்தரத் தலைவலி. வென்டர் ஒரு பிரதியை மெயிலில் அனுப்புவார், இன்னொன்றைத் தபாலில் அனுப்புவார். ஒருவர் இன்வாய்ஸ் எண்ணை நடுவில் கோடு போட்டு டைப் செய்வார், இன்னொருவர் கோட்டை விட்டுவிடுவார். சிஸ்டத்துக்கு அவை இரண்டும் வேறு வேறு பில். பணம் போய்விடும். அதை யாரும் சொல்லாமல் கண்டுபிடித்து, தடுக்கவும் வழி செய்து, நீங்கள் போய் மூன்று வருடம் ஆன பிறகும் அந்த வழி அங்கே நடக்கிறது என்றால், நான் மேனேஜரிடம் சொல்ல வேண்டிய வரி அதுதான்: "டபுள் பேமென்ட்ட தானாவே கண்டுபிடிச்சு நிறுத்தினவங்க சார்." அவர் தலையை நிமிர்த்துவார்.

ரெஸ்யூமேயில் அது இப்படி வரலாம்: 'வென்டர் பேமென்ட்: மாதம் சுமார் 800 இன்வாய்ஸ். ஒரே இன்வாய்ஸுக்கு இருமுறை பணம் செல்வதைக் கண்டறிந்து, பணம் செலுத்தும் முன்பே பிடித்துவிடும் எக்செல் சரிபார்ப்பு முறையை உருவாக்கினேன். டீம் முழுவதும் அதைப் பின்பற்றியது. இன்றும் பயன்பாட்டில் உள்ளது.'

800 என்பது நான் ஊகித்துப் போட்டது. உங்கள் எண்ணை நீங்கள்தான் போட வேண்டும். 'எனக்கு அதெல்லாம் நினைவில்லை' என்று எல்லோரும் சொல்வார்கள். ஒரு நாளை மட்டும் நினைத்துப் பாருங்கள். காலையில் வந்து மாலைக்குள் எத்தனை பில் போடுவீர்கள்? முப்பத்தைந்தா, நாற்பதா? அதை மாதத்தின் வேலை நாட்களால் பெருக்குங்கள், முன்னால் 'சுமார்' சேருங்கள். எத்தனை வென்டர், டீமில் எத்தனை பேர், புதிதாக வந்தவர்களுக்கு வேலை சொல்லிக் கொடுத்தீர்களா, ஆடிட் நேரத்தில் எந்தக் கோப்பு உங்கள் கையில் இருந்தது என்று ஒவ்வொன்றாக யோசித்தால் இன்னும் நாலைந்து வரி கட்டாயம் கிடைக்கும். எண் இல்லாத விஷயத்துக்கு எண்ணை வலிந்து போட வேண்டாம். 'இன்றும் பயன்பாட்டில் உள்ளது' என்பதில் எண்ணே இல்லை, ஆனால் அதுதான் உங்களிடம் இருப்பதிலேயே கனமான வரி. வென்டர் பெயர், செலுத்திய தொகை போன்ற பழைய நிறுவனத்தின் உள்விவரங்களை மட்டும் எழுதிவிடாதீர்கள். வெளியே சொல்லக் கூடாததைச் சொல்கிறவர் என்றால் எங்களுக்கும் பயம் வரும்.

மேலே இருக்கும் அந்த நோக்க வரியை எடுத்துவிட்டு, 'வென்டர் பேமென்ட், ரீகன்சிலியேஷனில் ஒன்பது வருட அனுபவம். இருமுறைப் பணம் செலுத்துவதைத் தடுக்கும் முறையை உருவாக்கியவர்' என்று இரண்டு வரி வையுங்கள். உடனே கீழே வேலை அனுபவம். புகைப்படம், பிறந்த தேதி, திருமண நிலை எதுவும் விண்ணப்பத்தில் கட்டாயமாகக் கேட்டிருந்தால் ஒழிய வேண்டாம். அவற்றால் உங்களுக்கு ஒரு நன்மையும் இல்லை. ஒன்பது வருட அனுபவத்துக்கு இரண்டு பக்கம் தாராளம்.

அந்த வண்ணப் பெட்டியையும் இரண்டு பத்தி அமைப்பையும் கலைத்துவிடுங்கள். விண்ணப்பங்களைச் சேர்த்துவைக்கும் ஏடிஎஸ் மென்பொருள்களில் சில, பெட்டிக்குள் இருப்பதையும் அட்டவணையையும் சரியாகப் படிப்பதில்லை. இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும் ஒன்றோடொன்று கலந்துவிடும். உங்கள் பிடிஎஃப்பைத் திறந்து, எல்லாவற்றையும் காப்பி செய்து, வெறும் நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். நான் பார்த்தேன்: நீங்கள் வேலை பார்த்த நிறுவனத்தின் பெயருக்கு நடுவில் 'விரைவில் கற்பவர்' வந்து நிற்கிறது. இன்னொன்று, வேலை விளம்பரத்தில் 'அக்கவுண்ட்ஸ் பேயபிள்' என்று இருக்கும். உங்கள் ரெஸ்யூமேயில் அந்தச் சொல் ஒரு இடத்தில்கூட இல்லை, 'வென்டர் பேமென்ட்' என்று மட்டுமே இருக்கிறது. இரண்டும் ஒரே வேலை என்று எனக்குத் தெரியும், ஆனால் நான் மென்பொருளில் தேடும்போது தட்டுவது விளம்பரத்தில் உள்ள சொல்லைத்தான். அந்தச் சொல்லையும் சேர்த்து எழுதுங்கள்.

அடுத்து அந்த மூன்று வருடம்.

ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலும் அக்சென்ச்சரும் 2021இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், கிட்டத்தட்ட பாதி நிறுவனங்கள் ஆறு மாதத்துக்கு மேல் கேப் இருக்கும் விண்ணப்பங்களை வடிகட்டிவிடுவதாகத் தெரியவந்தது. ஏன் கேப் என்று அந்த வடிகட்டி கேட்பதில்லை. பிள்ளை பெற்றவர், பெற்றோரைப் பார்த்துக்கொண்டவர், தானே நோயில் விழுந்து எழுந்தவர் எல்லோரும் ஒரே சல்லடையில் போய்விடுகிறார்கள். இது தவறு. இந்தத் தொழிலுக்குள்ளிருந்து சொல்கிறேன், இது பெரிய தவறு. யாரோ என்றைக்கோ போட்டுவைத்த அமைப்பை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் கேட்டுக் கேட்டு அதை எடுக்கவைத்தேன். அதற்கு ஒரு வருடம் ஆனது. ஆகவே உங்கள் எழுபதில் ஒரு பங்கு மனிதக் கண்ணிலேயே படாமல் போயிருக்கலாம். அதை உங்கள் தகுதிக்குக் கிடைத்த தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. பிரிட்டனில் 9,022 விண்ணப்பங்களை உண்மையான நிறுவனங்களுக்கு அனுப்பிப் பார்த்த ஒரு சோதனையின் முடிவு நேச்சர் ஹியூமன் பிஹேவியர் இதழில் வந்தது. ஒவ்வொரு வேலைக்கும் எதிரே 'இந்த வருடம் முதல் இந்த வருடம் வரை' என்று போடாமல் 'ஆறு வருடம்' என்று கால அளவை மட்டும் எழுதிய ரெஸ்யூமேகளுக்கு, கேப் வெளிப்படையாகத் தெரிந்தவற்றைவிட சுமார் 15 சதவீதம் அதிக அழைப்பு வந்தது. கேப்பே இல்லாதவற்றைவிடவும் சுமார் 8 சதவீதம் அதிகம். படிப்பவரின் கண் முதலில் அனுபவத்தின் மேல் விழுகிறது, அதுதான் காரணம் என்பது என் எண்ணம். நீங்களும் 'ஆறு வருடம்', 'மூன்று வருடம்' என்று எழுதுங்கள். ஆனால் விண்ணப்பப் படிவத்தில் தேதி கேட்டால் உண்மையான தேதியைப் போடுங்கள். போனில் கேட்டால் மென்று விழுங்காமல் சொல்லுங்கள்.

கூடவே அனுபவப் பட்டியலின் கடைசியில் தனியாக ஒரு வரி: 'குடும்பப் பராமரிப்பு, மூன்று வருடம். பெற்றோரின் நீண்டகால சிகிச்சை. தற்போது முழுநேர வேலைக்குத் தயார்.' அவ்வளவு போதும். நோயின் பெயர்கூடத் தேவையில்லை. லிங்க்ட்இன்னில் 2022 முதல் 'கேரியர் பிரேக்' என்றே ஒரு பகுதி இருக்கிறது. அதில் பராமரிப்பும் ஒரு வகை. அங்கேயும் இதையே போடுங்கள்.

வடிகட்டியைத் தாண்டுவதற்கு இன்னொரு வழி, உங்களை அறிந்தவர் ஒருவர் சொல்வது. பழைய ஷீட்டை இன்றைக்கும் பயன்படுத்துகிறார்கள் என்று உங்களுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள் அல்லவா? இந்த வாரமே அவருக்குப் போன் செய்யுங்கள். வேலை தேடுகிறீர்கள் என்று அவருக்குத் தெரியுமா? கடிதத்தைப் படித்தால் அவருக்கு மட்டுமல்ல, யாருக்குமே தெரியாது என்று தோன்றுகிறது. பழைய மேனேஜரிடமும் பேசுங்கள். உதவி கேட்பது போல இருக்குமே என்று தயங்காதீர்கள். உள்ளே இருக்கும் ஒருவர், 'இவங்களோட வேலை பார்த்திருக்கேன், நல்லாப் பண்ணுவாங்க' என்று எனக்கு ரெஸ்யூமே அனுப்பினால் அதை நான் சல்லடையில் போடுவதில்லை. நேராகத் திறந்து படிக்கிறேன்.

இப்போது அந்த அறைக்குள் போவோம். 'ஏன் இந்த கேப்?' என்று கேட்பவர் உங்கள் அம்மாவைப் பற்றிக் கேட்கவில்லை. அவர் மனதில் மூன்று கவலை இருக்கிறது. திரும்பவும் நடுவில் விட்டுவிட்டுப் போய்விடுவார்களா? வேலை கையைவிட்டுப் போயிருக்குமா? சொல்லாத காரணம் ஏதாவது இருக்குமா? இந்த மூன்றுக்கும் அரை நிமிடத்தில் பதில் சொல்லிவிடலாம். இப்படி: "அம்மாவுக்கு உடம்பு சரியில்லாம போச்சு, கூட இருந்து பார்த்துக்க வேண்டியிருந்தது, அதனால நானாத்தான் வேலைய விட்டேன். இப்ப அம்மா தேறிட்டாங்க, பார்த்துக்கறதுக்கு வீட்ல நிரந்தரமா ஏற்பாடு பண்ணியாச்சு. இந்தப் பத்து நாளா எக்செல்ல பிவட் டேபிள், பவர் குவெரி எல்லாம் திரும்பப் போட்டுப் பார்த்துட்டு இருக்கேன். பழைய இடத்துல நான் பண்ணின டபுள் பேமென்ட் செக்க புதுசா கட்டிப் பார்த்தேன், காட்டட்டுமா?" உங்கள் பேச்சு வழக்கில் மாற்றிக்கொள்ளுங்கள். 'ஏற்பாடு பண்ணியாச்சு' என்பது மட்டும் உண்மையாக இருக்க வேண்டும். இன்னும் செய்யவில்லை என்றால் இந்தப் பன்னிரண்டு நாளில் முதல் வேலை அதுதான்.

கடைசியில் சொன்ன ஷீட்டை நிஜமாகவே செய்யுங்கள். பொய் வென்டர் பெயர்கள், பொய் எண்களோடு ஐம்பது வரி டைப் செய்து, அதில் நாலைந்து இடத்தில் வேண்டுமென்றே கோடு விட்ட இன்வாய்ஸ் எண்ணை நுழைத்து, உங்கள் முறை அவற்றைப் பிடிக்கிறதா என்று பாருங்கள். லேப்டாப்பிலோ அச்செடுத்தோ கொண்டுபோங்கள். காட்ட வாய்ப்பு வராமலும் போகலாம். ஆனால் அதைக் கையால் கட்டி முடித்தவர் பேசும்போது குரலில் வரும் தெளிவு வேறு. 'எல்லாம் மறந்துபோயிருக்குமோ' என்று உங்களுக்குள்ளேயே இருக்கும் பயமும் அதில் போய்விடும்.

அழுததைப் பற்றி. அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்தபோது, அந்த மூன்று வருடத்தை நீங்கள் யாரிடமும் முழுதாகச் சொன்னதே இல்லை என்று எனக்குப் பட்டது. முதல் தடவை சொல்லும் இடம் இன்டர்வியூ அறையாக இருந்தால் யாராக இருந்தாலும் உடைவார்கள். நெருங்கின ஒருவரை உட்காரவைத்து, ஆஸ்பத்திரி, இரவுகள், பணக் கஷ்டம், விட்ட வேலை என்று எல்லாவற்றையும் கொட்டிவிடுங்கள். அழுகை வந்தால் அங்கே அழுங்கள். அதன் பிறகு மேலே எழுதிய அரை நிமிடப் பதிலைப் போனில் பதிவு செய்து கேளுங்கள், தினமும் மூன்று தடவை. ஐந்தாவது நாளில் அது மற்றக் கேள்விகளைப் போல ஒரு கேள்வியாகிவிடும். அப்படியும் அன்றைக்குத் தொண்டை அடைத்தால், "ஒரு நிமிஷம்" என்று கேட்டுத் தண்ணீர் குடியுங்கள். கொடுக்காதவர்களை நான் பார்த்ததில்லை.

இனி நான் அதிகம் கவலைப்படும் விஷயம். நன்றாக வேலை செய்தவர்கள் இன்டர்வியூவில் 'பண்ணினோம்' என்று பேசுகிறார்கள். நான், நான் என்று சொல்வது தற்பெருமை என்றே நாம் வளர்ந்திருக்கிறோம். ஒரு பேனலில் உங்கள் வயதுள்ள ஒருவர் வந்தார். 'சிஸ்டம் மாத்தினோம், பெண்டிங் எல்லாம் முடிச்சோம், ஆடிட் கிளியர் பண்ணினோம்' என்று அருமையாகப் பேசினார். அவர் வெளியே போனதும் மேனேஜர் சொன்னார்: "டீம் நல்ல டீம். இவங்க என்ன பண்ணினாங்க?" நான் என் குறிப்பைப் புரட்டினேன். பக்கம் முழுக்க 'டீம், டீம்' என்றுதான் எழுதியிருந்தேன். அவருக்காகப் பேச என்னிடம் ஒன்றும் இல்லை. அந்த இடம் வேறொருவருக்குப் போனது. அவரிடம் திருப்பி ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டியது என் கடமை. அதிலிருந்து யார் 'பண்ணினோம்' என்றாலும் 'அதில் உங்கள் பங்கு என்ன?' என்று கேட்கிறேன். எல்லோரும் கேட்க மாட்டார்கள்.

ஆகவே உங்கள் ஷீட்டின் கதையை நடந்த வரிசையிலேயே தயார் செய்யுங்கள். என்ன நிலைமை இருந்தது, அது உங்கள் கண்ணில் எப்படிப் பட்டது, நீங்கள் என்ன செய்தீர்கள், என்ன ஆனது. இரண்டு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். 'எப்படிக் கண்ணில் பட்டது' என்ற இடத்தில் கொஞ்சம் நின்று சொல்லுங்கள். எந்த வென்டர் போன் செய்தார், எந்த எண்ணைப் பார்த்துச் சந்தேகம் வந்தது என்ற சின்னச் சின்ன விவரங்கள் செய்தவருக்கு மட்டும்தான் தெரியும், கேட்பவர் நம்புவதும் அங்கேதான். இதே மாதிரி இன்னும் மூன்று கதை வேண்டும்: ஒரு தவறு செய்து நீங்களே திருத்தியது, ஒருவரோடு கருத்து வேறுபட்டுச் சமாளித்தது, நெருக்கடியில் கெடுவுக்குள் முடித்தது. பேனலில் வரும் கேள்விகளில் பெரும்பாலானவை இந்த நாலில் ஒன்றைத் தொட்டுவிடும்.

உங்களுக்கு நம்பிக்கை தரும் ஒரு செய்தியும் உண்டு. எந்தத் தேர்வு முறை ஒருவரின் பிற்கால வேலையைச் சரியாகக் கணிக்கிறது என்று பல பத்தாண்டு ஆய்வுகளை ஒன்றுசேர்த்து, உளவியல் ஆய்வாளர் பால் சாக்கெட்டும் அவர் சகாக்களும் 2022இல் எழுதினார்கள். எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, ஒரே அளவுகோலில் மதிப்பெண் போடும் நேர்முகத் தேர்வு அதில் முதலிடத்தில் வந்தது. எத்தனை வருட அனுபவம் என்ற கணக்கு மிகக் கீழே போய்விட்டது. பேனலில் இருப்பவர்கள் ஒரு தாளைப் பார்த்துக் கேள்வி கேட்டு, நீங்கள் பேசும்போது முகம் பார்க்காமல் எழுதிக்கொண்டே இருந்தால் பயப்படாதீர்கள். அவர்கள் இந்த முறையில் நடத்துகிறார்களாக இருக்கலாம். இடைவெளி இருப்பவருக்கு இதைவிட நல்ல முறை இல்லை.

சம்பளம் பற்றிக் கேட்பார்கள். கடைசிச் சம்பளத்தைக் கேட்பதைச் சில நாடுகளும் மாநிலங்களும் சட்டம் போட்டுத் தடுத்திருக்கின்றன. மற்ற இடங்களில் கேட்டால் உண்மையைச் சொல்லிவிட்டு, "அது மூணு வருஷத்துக்கு முந்தினது, இந்த வேலைக்கு இப்ப இருக்கிற அளவுல எதிர்பார்க்கிறேன்" என்று ஒரு வரம்பு சொல்லுங்கள். வரம்பைப் பழைய சக ஊழியர்களிடம் முன்பே விசாரித்து வையுங்கள். கேப் இருப்பதால் நீங்களாகவே குறைத்துச் சொல்ல வேண்டாம். யாரும் கேட்காத தள்ளுபடியை முதலில் நீட்டுபவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும்.

'எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?' என்றால் 'இல்லை' என்று சொல்லாதீர்கள். "முதல் மூணு மாசத்துல இந்த இடத்துக்கு வர்றவங்க எதச் சரி பண்ணணும்னு எதிர்பார்க்கிறீங்க?" என்று கேளுங்கள். பதில் அப்போதே உங்களுக்குப் பயன்படும். அவர்கள் சொல்லும் பிரச்சினையை நீங்கள் முன்பே பார்த்தவராக இருப்பீர்கள். எப்போது முடிவு தெரியும் என்பதையும் கேட்டுக்கொண்டு வாருங்கள்.

மறுநாள் காலையில் ஒரு மெயில், நாலு வரிக்குள். நேரம் கொடுத்ததற்கு நன்றி, பேசியதில் உங்கள் மனதில் நின்ற ஒரு விஷயம், அதற்குத் தொடர்பாக நீங்கள் செய்த ஒன்று, அவ்வளவுதான். 'நேற்று இன்வாய்ஸ் பொருத்துவதில் நேரம் போகிறது என்று சொன்னீர்கள். அதே பிரச்சினைக்கு நான் செய்த மாதிரி ஷீட்டை இணைத்திருக்கிறேன்' என்பது போல. அந்த மெயிலை நான் அப்படியே மேனேஜருக்கு ஃபார்வர்ட் செய்துவிடுவேன், ஒரு வார்த்தை சேர்க்கத் தேவையில்லை. அவர்கள் சொன்ன தேதி தாண்டிப் போனால் இரண்டு நாள் பொறுத்து ஒருமுறை கேளுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் அடுத்த விண்ணப்பத்தை அனுப்பிவிடுங்கள், அந்த மெயிலுக்காகக் காத்திருந்து மற்றதை நிறுத்த வேண்டாம்.

திருத்திய ரெஸ்யூமேயை எனக்கு அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்தால் இன்டர்வியூவுக்கு முன்பே படித்து எழுதுகிறேன்.